எண் எங்கே மாறியது?



சம்பள நாளன்று சீட்டைக் கையில் வாங்கியதும் நம் கண் எங்கே போகிறது? அடியிலுள்ள கடைசி எண்ணுக்குத்தான் போகிறது. போன மாதத்தைவிடக் கூடியிருந்தால் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறோம். குறைந்திருந்தால், "ஏன் குறைந்தது?" என்று கேட்கிறோம். பெரும்பாலும் கிடைக்கும் பதில் இது: "கணினி போட்ட கணக்கு, அதில் தப்பு வராது." அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்தப் பதில் எவ்வளவு தூரம் உண்மை என்பதை இன்று பார்ப்போம். கணினி என்றதும், அது படித்த பிள்ளைகளின் சமாசாரம், நமக்கென்ன என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள். 'பால்' நிறுத்துக் கணக்குப் பார்க்கத் தெரிந்த எந்தத் தாய்க்கும் இது விளங்கும்.

முன்பெல்லாம் லயத்து வாசற்கதவில் கரிக்கோடு போட்டு, இன்றைக்கு இத்தனை கிலோ, நேற்றைக்கு இத்தனை என்று கணக்கு வைத்த தாய்மார்களை நாம் கண்டிருக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தாம். ஆனால் சம்பளத்தன்று கிராணியார் ஒரு எண்ணைச் சொன்னால், "ஐயா, பன்னிரண்டாம் தேதிக் கணக்கு விட்டுப்போச்சுங்க" என்று தேதியைச் சொல்லிக் கேட்பார்கள். கடைசி எண் குறைகிறது என்று மட்டும் சொன்னால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள். இன்ன நாளில் குறைந்தது என்று சொன்னால் ஏட்டைப் புரட்டித்தான் ஆகவேண்டும். கணினி நிரலில் பிழை தேடுவோர் செய்கிற வேலையும் இதுதான்.

முதலில் நிரல் என்றால் என்ன? கணினி தானாக எதையும் யோசிப்பதில்லை. இதைக் கூட்டு, அதைப் பெருக்கு, இது அதைவிடப் பெரிதானால் இப்படிச் செய் என்று ஒரு மனிதர் வரிசையாக எழுதிக் கொடுத்த கட்டளைகளை அது ஒவ்வொன்றாகச் செய்கிறது. அந்தக் கட்டளை வரிசைக்குத்தான் நிரல் என்று பெயர். கூட்டலில் கணினி தவறுவது மிக அரிது. ஆனால் எதைக் கூட்டவேண்டும் என்று சொன்னவர் மனிதர். அவர் தவறிப்போனால், கணினி அந்தத் தவற்றையும் வெகு சுத்தமாக, வெகு வேகமாகச் செய்து முடிக்கும்.

அடுத்தது மாறி. பிரட்டுக் களத்தில் கரும்பலகை ஒன்று இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 'மொத்தம்' என்று எழுதி, கீழே ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. முதலில் 0. பிறகு ஒருவர் வந்து 0ஐ அழித்து 12 என்று எழுதுகிறார். பிறகு 12ஐ அழித்து 19 என்று எழுதுகிறார். பலகையின் பெயர் மாறவில்லை, அதிலுள்ள எண்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. இத்தகைய பலகையைத்தான் கணினிக்காரர்கள் மாறி என்கிறார்கள். ஒரு நிரலுக்குள் இப்படிப் பத்துப் பலகைகளும் இருக்கலாம், பத்தாயிரமும் இருக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புது எண்ணை எழுதியதும் பழைய எண் தடயமின்றி அழிந்துபோகிறது. பலகையில் 19 இருக்கிறது என்றால், அதற்கு முன் 12 இருந்ததா, 15 இருந்ததா என்று பலகை சொல்லாது. இத்தனையும் ஒரு விநாடிக்குள் இலட்சக்கணக்கான தடவை நடந்துவிடுகிறது. நாம் பார்ப்பது கடைசியில் நிற்கும் எண்ணை மட்டும். ஆகவே கடைசி எண் தவறாக இருந்தால், எந்த இடத்தில் முதன்முதலாகத் தவறான எண் எழுதப்பட்டது என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்க வழியில்லை. எழுதப்படும்போதே பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறோம். கையில் தாளும் பென்சிலும் இருந்தால் நல்லது.

அக்காளும் தங்கையும் பால் வெட்டுகிறார்கள். வெட்டிய பாலை நிறுக்கிறோம். அதில் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும். ஆதலால் மெட்ரோலாக் போட்டுப் பார்த்தோ, வேறு வழியிலோ, பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று காண்கிறோம். அக்காள் முதல் நாள் கொண்டுவந்தது 40 கிலோ பால், 30 விழுக்காடு. காய்ந்த ரப்பர் 12 கிலோ. இரண்டாம் நாள் மழை, 20 கிலோதான், 35 விழுக்காடு. அது 7 கிலோ. மூன்றாம் நாள் 50 கிலோ, 32 விழுக்காடு. அது 16 கிலோ. ஆக மொத்தம் 35 கிலோ. கிலோவுக்கு 2 வெள்ளி என்று வைத்தால் 70 வெள்ளி. உண்மையில் நாட்கூலி, படி, ஊக்கத்தொகை, பிடித்தம் என்று எத்தனையோ உண்டு. விளங்குவதற்காக அவற்றையெல்லாம் விட்டுவிட்டோம். 2 வெள்ளி என்பதும் கணக்குக்காகச் சொன்னதே.

தங்கைக்கு மூன்று நாளிலும் வந்த காய்ந்த ரப்பர் 10, 8, 12. ஆக 30 கிலோ, 60 வெள்ளி.

இந்தக் கணக்கைப் போட இடைநிலைப் பள்ளியில் படிக்கும் உங்கள் மகன் ஒரு நிரல் எழுதுகிறான். நம் நாட்டில் 2017இல் முதலாம் படிவத்திலிருந்து அடிப்படைக் கணினி அறிவியல் என்ற பாடத்தைக் கொண்டுவந்தார்கள். ஆகவே இது நடக்காத கதையன்று. நிரலை ஓட்டுகிறான். அக்காளுக்கு 70 வெள்ளி என்று காட்டுகிறது. சரி. தங்கைக்கு 130 வெள்ளி என்று காட்டுகிறது!

இப்போது பையன் என்ன செய்வான்? பெரும்பாலான பிள்ளைகள் அந்த வரியை மாற்றுவார்கள், இந்த வரியை மாற்றுவார்கள், மறுபடி ஓட்டுவார்கள், இன்னொன்றை மாற்றுவார்கள். ஒரு மணி நேரம் போனபின் முதலில் சரியாக இருந்த அக்காள் கணக்கும் கெட்டுப்போயிருக்கும். பழுதான ரேடியோவின் எல்லாத் திருகுகளையும் கழற்றிப் பார்ப்பதுபோன்ற வேலை இது. பிள்ளைகளை நாம் குறை சொல்லவில்லை, பெரியவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

சரியான வழி, கையைக் கட்டிக்கொண்டு பலகைகளைப் பார்ப்பது. 'மொத்தம்' என்ற மாறியில் ஒவ்வொரு நாளும் என்ன எண் இருக்கிறது என்று திரையில் எழுதிக்காட்டும்படி நிரலுக்குள் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். சேர்த்து ஓட்டினால் வருவது இது. அக்காளுக்கு: 12, 19, 35. தங்கைக்கு: 45, 53, 65.

தங்கையின் முதல் நாள் எண்ணைப் பாருங்கள். 10 இருக்க வேண்டிய இடத்தில் 45 இருக்கிறது. 45 எப்படி வந்தது? 35ஓடு 10ஐக் கூட்டினால் 45. அக்காளின் கணக்கு முடிந்தபின் பலகையை அழித்து 0 போடவேண்டும் என்று பையன் கணினிக்குச் சொல்லவில்லை! தங்கையின் கணக்கு அக்காளின் கணக்குக்கு மேலேயே ஏறிவிட்டது. மூன்றாவதாக அண்ணியின் கணக்கைப் போட்டிருந்தால் அது இன்னும் கூடியிருக்கும். ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. ஆனால் அந்த ஒரு வரி எங்கே வேண்டும் என்பதைக் காட்டியது 130 என்ற கடைசி எண்ணன்று, 45 என்ற இடைப்பட்ட எண்.

இப்படி எழுதிக்காட்டச் செய்வது மிகப் பழைய வழி, இன்றும் எல்லாரும் கையாளும் வழி. இதைவிட வசதியான கருவிகளும் உண்டு. சிறுவர்கள் கற்கும் ஸ்கிராட்ச் என்ற நிரல் மொழியில், மாறியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு கட்டத்தில் ஒரு சரி அடையாளம் இட்டால், அதன் எண் திரையின் மூலையில் தோன்றி, மாற மாறத் தெரிந்துகொண்டே இருக்கும். பெரியவர்கள் பயன்படுத்தும் பிழை களையும் கருவிகளில், நிரலை ஒரு குறிப்பிட்ட வரியில் நிற்கச் செய்யலாம். நின்ற நிலையில் எல்லாப் பலகைகளையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று ஒவ்வோர் அடியாக நடத்திச் செல்லலாம். இன்னும் ஒரு படி மேலே போய், "இந்தப் பலகையில் யாராவது கை வைத்தால் உடனே நில்" என்றும் சொல்லி வைக்கலாம். பலகைக்குப் பக்கத்தில் காவற்காரரை உட்கார வைப்பது போலத்தான். யார் மாற்றுகிறார் என்றே தெரியாத எண்ணைப் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

நிரல் நீளமாக இருந்தால் ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து லயத்துக்கு வரும் குழாயில் அடைப்பு என்றால் என்ன செய்கிறோம்? நடுவில் ஒரு மூட்டைக் கழற்றிப் பார்க்கிறோம். அங்கே தண்ணீர் வந்தால் அடைப்பு லயத்துப் பக்கம், வராவிட்டால் தொட்டிப் பக்கம். நிரலிலும் நடுவில் நிறுத்தி எண் சரியா என்று பார்த்தால் பாதி தள்ளுபடியாகிவிடும். மிச்சப் பாதியின் நடுவில் மறுபடியும் நிறுத்திப் பார்க்கலாம். ஆயிரம் வரி உள்ள நிரலானாலும் பத்துத் தடவை பாதியாக்கினால் ஒரு வரியில் வந்து நிற்போம். நம்பாதவர்கள் 1000ஐ இரண்டிரண்டாக வகுத்துப் பாருங்கள்.

இது எப்போது தொடங்கிய பழக்கம் என்று இளைஞர்கள் கேட்கலாம். கணினி பிறந்த அன்றே தொடங்கியது. 1948ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதி இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு கணினி முதன்முதலாக ஓடியது. தன் நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு ஓடிய முதல் மின்னணுக் கணினி அது. 'பேபி', அதாவது குழந்தை என்று அதற்குச் செல்லப் பெயர். வில்லியம்ஸ், கில்பர்ன், டூட்டில் என்ற மூவர் அதை அமைத்தார்கள். அதன் நினைவகம் பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்த குழாய் போன்றது. உள்ளே இருந்த எண்களெல்லாம் ஒரு சிறு திரையில் 32 வரிசை, வரிசைக்கு 32 புள்ளிகளாகப் பளிச்சென்று தெரிந்தன. பலகைகளை நேரடியாகவே கண்ணால் பார்த்தார்கள்! 17 கட்டளைகள் கொண்ட அந்த முதல் நிரல், 2,62,144 என்ற எண்ணை மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எது என்று தேடியது. 52 நிமிடம் ஓடி 1,31,072 என்ற விடையைத் தந்தது. அது பாதி என்று நாம் மனத்திலேயே சொல்லிவிடுவோம். விடை தெரிந்த கணக்கையே கொடுத்து இயந்திரத்தைச் சோதித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

மறு ஆண்டு, 1949 மே 6ஆம் தேதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி ஓடியது. அதை அமைத்தவர் மோரிஸ் வில்க்ஸ். அவ்வளவு பெரிய அறிஞர் எழுதிய முதல் பெரிய நிரலின் நாடா பிற்காலத்தில் கிடைத்தது. 126 வரிகளுள்ள அதில் ஏறத்தாழ 20 பிழைகள் இருந்தன. தம் வாழ்நாளின் மீதியில் பெரும்பகுதி தம்முடைய பிழைகளைத் தேடுவதிலேயே கழியப் போகிறது என்பது ஒருநாள் மாடிப்படியருகில் தமக்குத் திடீரென்று விளங்கியதாக அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பள்ளியில் நிரல் தவறிவிட்டது என்று அழும் பிள்ளைக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்.

எட்சாக்கிலும் உள்ளிருப்பதைக் காட்டும் திரைகள் இருந்தன. ஆனால் ஒருவர் திரைமுன் உட்கார்ந்து ஒவ்வோர் அடியாக நடத்திக்கொண்டிருந்தால் வரிசையில் நிற்கும் மற்றவர் வேலை கெடும். இருந்தது ஒரே இயந்திரம். ஆகவே ஸ்டான்லி கில் என்பவர், ஓடும் நிரலைப் பின்தொடர்ந்து சென்று அது செய்வதையெல்லாம் தாளில் அச்சிட்டுத் தரும் துணை நிரல்களை அமைத்து, 1951இல் அதுபற்றிக் கட்டுரையும் வெளியிட்டார். அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் இரவில் பார்த்துக்கொள்ளலாம். நம் பையன் சேர்த்தானே ஒரு வரி, அதற்குப் பாட்டனார் இது என்று சொல்லலாம்.

பிழைக்கு ஆங்கிலத்தில் பூச்சி என்ற சொல்லைத்தான் வழங்குகிறார்கள். 1947 செப்டம்பர் 9ஆம் தேதி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக் கணினியில் ஓர் அந்துப்பூச்சி மாட்டிக்கொண்டு வேலை தடைப்பட்டது. பூச்சியை எடுத்து நாட்குறிப்பில் ஒட்டி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்றுதான் இந்தச் சொல் பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. இயந்திரக் கோளாற்றைப் பூச்சி என்று எடிசன் 1878ஆம் ஆண்டிலேயே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

பெயரைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் சிரிக்கும்படி ஒன்று சொல்கிறோம். முன்பு மலேரியாக் கொசுவை ஒழிக்க லயத்துச் சுவர்களில் டி.டி.டி. மருந்து அடித்தார்களே, நினைவிருக்கிறதா? 1967இல் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தில் வீடு வீடாக வந்து அடித்தார்கள். கையால் அழுத்தும் பம்பில் பிளிட் என்ற மருந்தும் கடையில் விற்றது. அமெரிக்காவில் மாறிகளை இயந்திரத்தின் முன் உட்கார்ந்தபடியே திறந்து பார்க்கவும் திருத்தவும் கூடிய கருவிகளை 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதினார்கள். முதலில் வந்ததற்குப் பிளிட் என்றும், 1961இல் வந்ததற்கு டி.டி.டி. என்றும் வேண்டுமென்றே பெயர் வரும்படி எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இனி, சற்றுக் கவலைப்பட வேண்டிய பகுதிக்கு வருவோம்.

தங்கைக்கு 130 வெள்ளி என்பது எல்லாருடைய கண்ணிலும் படும் பிழை. கண்ணில் படாத பிழைதான் கெட்டது. மாறிகளில் சில, முழு எண்ணை மட்டுமே ஏற்கும். 14.76 என்று கொடுத்தால் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிந்துவிட்டு 14 என்று வைத்துக்கொள்ளும். 41 கிலோ பால், 36 விழுக்காடு என்றால் காய்ந்த ரப்பர் 14.76 கிலோ. நிரல் எழுதியவர் அன்றைய கணக்கை முழு எண் பலகையில் வைத்திருந்தால் 0.76 கிலோ காணாமற் போகிறது. ஒரு நாளில் அது பெரிதில்லை. நாளொன்றுக்கு 0.6 கிலோ வீதம் 26 நாள் போனால் 15.6 கிலோ. 2 வெள்ளி வீதம் 31 வெள்ளி 20 காசு. ஒரு பிள்ளையின் பள்ளிக் காலணி. சீட்டில் எந்த எண்ணும் கோணலாகத் தெரியாது. கூட்டிப் பார்த்தாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் வெட்டிய எண்களைத்தான் கூட்டியிருக்கிறது. அன்றன்றைய பலகையைப் பார்த்து, அதைப் பென்சில் கணக்கோடு ஒப்பிட்டால் ஒழிய இது வெளியே வராது.

இப்படி நடக்குமா என்று ஐயப்படுவோருக்கு நடந்த கதை ஒன்று. கனடாவின் வான்கூவர் நகரப் பங்குச் சந்தையில் 1982 ஜனவரியில் ஒரு விலைக் குறியீட்டெண்ணை 1000 என்று வைத்துத் தொடங்கினார்கள். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ மூவாயிரம் தடவை கணினி அதைத் திருத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டது. சந்தை நன்றாக நடந்தும், 1983 நவம்பர் இறுதியில் குறியீட்டெண் 524 என்று நின்றது. கண்டுபிடித்துத் திருத்திய அன்று அது 1098 என்று ஆயிற்று. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துணுக்குகள் சேர்ந்து பாதிக்கு மேல் தின்றுவிட்டன. அதுவும் கோட்டு சூட்டுப் போட்டவர்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்த எண்!

பிரிட்டனில் நடந்தது இதைவிடக் கொடியது. அங்கே சிறு கடை வைத்திருப்பவர்கள் ஒப்பந்தத்தின்பேரில் கிளை அஞ்சலகமும் நடத்துவது வழக்கம். அவர்களில் இந்திய வம்சாவளியினரும் பலர். 1999 முதல் அவர்களுக்கு ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறையைக் கொடுத்தார்கள். கணினி காட்டும் தொகைக்கும் பெட்டியில் இருக்கும் பணத்துக்கும் வேறுபாடு வந்தால், நடத்துபவர் தம் கையிலிருந்து போட்டுச் சரிக்கட்ட வேண்டும். பணம் குறைகிறது என்று கணினி சொல்லிற்று. "நான் எடுக்கவில்லை" என்று இவர்கள் சொன்னார்கள். கணினியைத்தான் நம்பினார்கள். 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டனை பெற்றார்கள். 2010இல் கருவுற்றிருந்த ஒரு பெண்ணையே சிறையில் போட்டார்கள். வீட்டை விற்றவர்கள் உண்டு, ஊரைவிட்டு ஓடியவர்கள் உண்டு.

அந்த நிரலில் இருந்த பிழைகளில் ஒன்றைச் சொல்கிறோம், நாம் பேசும் பொருளுக்கு நேரே பொருந்துவது. 2015இல் ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊரில் ஓர் அஞ்சலகப் பெண்மணி 8,000 பவுண்டு வரவு வைத்தார். விசையை அழுத்தியும் திரை நகரவில்லை. நாமும் அப்படித்தானே, நகராவிட்டால் மறுபடி அழுத்துவோம். அவரும் அழுத்தினார். திரை அசையாமல் நின்றதே தவிர, ஒவ்வோர் அழுத்தலுக்கும் உள்ளே 8,000 ஏறிக்கொண்டிருந்தது. 8,000, 16,000, 24,000, 32,000. கையில் இருந்ததோ 8,000. ஆக 24,000 பவுண்டு குறைகிறது என்று கணினி சொல்லிற்று. பலகையில் எண் மாறுவது அந்த நேரத்திலேயே அவர் கண்ணுக்குத் தெரிந்திருந்தால், இரண்டாவது அழுத்தலிலேயே கையை எடுத்திருப்பார்.

2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம், அந்த முறையில் பிழைகள் இருந்தன, அவற்றால் கணக்குக் குறையக்கூடும் என்று தீர்ப்பளித்தது. அஞ்சலகம் நடத்தியவர்களுக்குக் குறைவு எப்படி வந்தது என்று உள்ளே புகுந்து பார்க்கப் போதிய வசதி கொடுக்கப்படவில்லை என்பதும் அந்த வழக்கில் வெளிப்பட்டது. 2024இல் தனிச் சட்டமே போட்டு அந்தத் தண்டனைகளை நீக்கினார்கள். அதற்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டது. சிலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

நம் நாட்டில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் வந்த 1957ஆம் ஆண்டு விதிகள், சம்பள விவரத்தைத் தொழிலாளிக்கு எழுத்தில் தரவேண்டும் என்கின்றன. சீட்டில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு பலகை. வேலை செய்த நாள், நிறுவை, வீதம், மிகைநேரம், சேமநிதிப் பிடித்தம் என்று வரிசையாக வரும். நாம் சொந்தமாக ஒரு நோட்டில் அன்றன்றைக்கு எழுதி வைத்திருந்தால், எந்த வரியில் முதலில் வேறுபாடு வருகிறது என்று காட்டலாம். "சம்பளம் குறைகிறது" என்று கேட்பதற்கும், "நிறுவை வரை சரி, வீதத்தில்தான் மாறுகிறது" என்று கேட்பதற்கும் அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதையே வேறு. ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறோம்: சில சமயம் தவறு நம் நோட்டிலும் இருக்கும். அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பெற்றோருக்குத் தனியாக ஒன்று. பிள்ளை நிரல் எழுதித் தடுமாறும்போது, நமக்குக் கணினி தெரியாதே என்று ஒதுங்கிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த இடத்தில் என்ன எண் இருக்கவேண்டும் என்று நினைக்கிறாய்?" அவன் முதலில் தாளில் எழுதட்டும். பிறகுதான் திரையைப் பார்க்கவேண்டும். இந்த முறை மாறக்கூடாது. எதிர்பார்ப்பதை எழுதாமல் திரையைப் பார்த்தால், எந்த எண் இருந்தாலும் அது சரிபோலவே தோன்றும். அம்மாவுக்கு விளங்கும்படி வரிவரியாகச் சொல்லிக்கொண்டு வரும்போதே பிள்ளை பாதியில் நிறுத்தி, "அட, தெரிந்துவிட்டது" என்று குதிப்பதும் உண்டு. கணினித் தொழிலில் தேர்ந்தவர்கள்கூடத் தங்கள் நிரலை யாரிடமாவது இப்படிச் சொல்லிப் பார்க்கிறார்கள்.

இந்த முறை ஒன்றும் மந்திரமன்று. பலகை நூறு என்றால் நூறையும் எழுதிக்காட்டச் சொன்னால் திரை நிறைய எண் கொட்டும், எதையும் பார்க்க முடியாது. ஐயத்துக்குரிய இரண்டு மூன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரே சமயத்தில் பல வேலைகள் நடக்கும் நிரல்களில், எழுதிக்காட்டச் சொல்லும் வரியே வேலையைச் சற்றுத் தாமதமாக்கிவிடும். அந்தத் தாமதத்தில் பிழை ஒளிந்துகொள்ளும். வரியை எடுத்துவிட்டால் மறுபடி வந்து நிற்கும். உலைமூடியைத் திறந்து திறந்து பார்த்தால் சோறு வேகும் நேரமே மாறிப்போகிறதல்லவா? அப்படித்தான். இத்தகைய பிழையோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டியவர்கள் உண்டு.

நேரம் முடியப் போகிறது. பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு வைத்துவிட்டு விடைபெறுகிறோம். தாளில் 'நாள்', 'மொத்தம்' என்று இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். நாள் 1இல் தொடங்குகிறது, மொத்தம் 0இல் தொடங்குகிறது. அக்காளின் அதே மூன்று நாள் கணக்கு: 12, 7, 16. கட்டளை இது: "நாள் 3ஐ விடக் குறைவாக இருக்கும் வரை, அந்த நாளின் கிலோவை மொத்தத்தோடு கூட்டு, பிறகு நாளோடு 1ஐக் கூட்டு." ஒவ்வொரு தடவையும் இரண்டு பத்தியிலும் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண்ணை எழுதுங்கள். நாம் எதிர்பார்ப்பது 35. உங்களுக்கு வருவது 19. நாள் என்ற பத்தியில் 3 வந்ததும் என்ன நடக்கிறது என்று அந்த வரியில் நிறுத்திப் பாருங்கள், 16 கிலோ எங்கே போயிற்று என்று தெரியும்.